கத்தரிக்கோலைக் கேவலமாக எண்ணாதீர்கள்



சென்ற மாதம் என் பழைய மாணவன் ஒருவனின் தாயார் பள்ளிக்கு வந்திருந்தார். மகன் எஸ்.பி.எம். முடித்துவிட்டு, பட்டணத்து முடிதிருத்தும் கடையில் தொழில் பழகுவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறானாம். தகப்பனாரோ, "நம் வீட்டுப் பிள்ளை அடுத்தவன் தலையைத் தொட்டுப் பிழைப்பதா?" என்று இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். "நீங்கள்தான் சார் புத்தி சொல்ல வேண்டும்" என்றார். யாருக்கு என்று அவர் சொல்லவில்லை. தகப்பனாருக்கே சொல்லலாம் என்று எண்ணுகிறேன்.

முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். பத்து ஆண்டுகளுக்கு முன் இதே ஆசையோடு வந்த இன்னொரு பையனை, "கௌரவமான வேலை பார்" என்று திருப்பி அனுப்பியவன் நான். இன்று அவன் தொழிற்சாலையில் ஒப்பந்த ஆள். ஒவ்வோர் ஆண்டும் ஒப்பந்தம் முடியும் நேரத்தில் அவனைச் சந்திக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

என் சிறு வயதில், ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பெரியவர் சைக்கிளில் தகரப் பெட்டியோடு லயத்துக்கு வருவார். மரத்தடியில் எங்கள் தலைகளை வரிசையாகச் சீர்செய்வார். அவருக்குக் காப்பி மட்டும் தனிக் குவளையில். அன்று நாம் பூசிய அந்தச் சாதிக் கறைதான் இன்று நம் பிள்ளைகளின் வழியை மறிக்கிறது.

உண்மை நிலை என்ன? 2009-இல் முடிதிருத்தும் கடைகளுக்கு வெளிநாட்டு ஆள்களை எடுப்பது நிறுத்தப்பட்டது. உள்ளூர்ப் பிள்ளைகளும் போதுமான அளவு முன்வரவில்லை. முடிதிருத்தம், ஜவுளி, நகைத் தொழில் ஆகிய மூன்றுக்கும் 7,500 வெளிநாட்டவர் என்று 2023-இல் அரசாங்கம் அறிவிக்கும் அளவுக்கு ஆள் பஞ்சம். நாம் வேண்டாம் என்று ஒதுக்கும் நாற்காலி காலியாகக் கிடக்கிறது.

"அந்தத் தொழிலை நம்பலாமா?" என்று கேட்பீர்கள். 2020 மார்ச் 18-இல் ஊரடங்கு வந்து கடைகள் மூடின. ஏப்ரலில் திறக்கலாம் என்று அரசாங்கம் சொன்னபோது, நோய் பரவும் என்று கடைக்காரர்களே மறுத்தார்கள். ஜூன் 10-இல்தான் திறந்தார்கள். வாடிக்கைக்காரர்கள் திரும்பி வந்தார்கள். ஆனால் கைச்சேமிப்பு இல்லாமல் வாடகைக்குத் திண்டாடியவர்களும் உண்டு. முடி வளர்வது நிற்காது, வருமானம் நிற்கலாம். இரண்டையும் நினைவில் வையுங்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். நாளைக்குப் பத்துத் தலை, தலைக்கு 15 வெள்ளி, மாதம் 26 நாள் என்றால் 3,900 வெள்ளி. வாடகை 1,000, மின்சாரம், தண்ணீர், பிளேடு, பவுடர் எல்லாம் 400 என்று வைத்தால் மிச்சம் 2,500. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியானது. ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் எடுத்த எடுப்பில் கடை போட வேண்டாம். இரண்டு மூன்று ஆண்டு வேலை பழகி, மூன்று மாத வாடகையைத் தனியே சேர்த்த பிறகு போடட்டும்.

கை பழகினால் மட்டும் போதாது. எஸ்.கே.எம். எனும் மலேசியத் திறன் சான்றிதழ் சிகையலங்காரத்துக்கும் உண்டு, அதையும் எடுக்கட்டும். கடை போடும் காலத்தில் தெக்குன் நேசனலின் ஸ்பூமி கடனுதவியையும் விசாரிக்கலாம். இளைஞர்கள் இப்போது ஓரங்களைப் படிப்படியாகக் குறைக்கும் 'ஃபேட்' வெட்டையும் தாடி அலங்காரத்தையும் கேட்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு மணப்பெண் அலங்காரம் நல்ல வழி. தலைச்சாயம் பூசுவதற்கு இரண்டு நாள் முன்பே சிறிது தோலில் தடவி, அரிப்போ வீக்கமோ வருகிறதா என்று பார்க்கும் பொறுப்பும் வேண்டும். மோஸ்தர் மாறும், சுத்தமும் நேர்மையும் உள்ள கடைக்கே ஆள் திரும்பி வரும்.

ஐயா, நீங்கள் செம்பனைக் குலை அறுக்கும் அரிவாளால் பிள்ளையை வளர்த்தீர்கள். அவன் கத்தரிக்கோல் கேட்கிறான். அதுவும் சோறு போடும் கருவிதான். முதலில் நீங்கள் சாப்பிடுங்கள். பிறகு அவனை ஆசீர்வதித்து அனுப்புங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.