சொத்தைப் பல்லில் புழு இல்லை

கம்பம் பக்கம் பல்வலி என்றால் "பல்லுல பூச்சி இருக்கு" என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. அடுத்து வருவது கண்டங்கத்திரி விதை. நெருப்பில் போட்டு, புகையை வாய்க்குள் வாங்கித் தண்ணீரில் துப்பினால் வெள்ளைப் புழு விழுமாம். பிள்ளைகளின் வாய்க்குள்ளும் சுடுபுகையை விடுகிறார்கள். அதனால்தான் இதைக் கண்டும் காணாமல் இருக்க முடியவில்லை.

கண்டது பொய்யல்ல, அதைப் புழு என்பதுதான் பொய். கத்தரிக் குடும்பத்து விதைக்குள் முளைக்கரு சுருண்டு கிடக்கும். சூட்டில் விதை வெடித்தால் வெளியே வந்து விழும். ஐரோப்பாவில் அதே குடும்பத்துக் குரோசாணி ஓம விதையைப் புகைத்து இதே வித்தையைக் காட்டினார்கள். பிரெஞ்சுப் பல் மருத்துவர் பியர் ஃபோஷார் 1728-லேயே பற்புழுக் கதையை மறுத்துவிட்டார். நம்பாதவர்கள், புகையை யார் வாயிலும் விடாமல் தண்ணீர்மேல் காட்டிப் பார்க்கலாம்.

பல்லைக் கெடுப்பதில் முதன்மையானது, 1924-ல் லண்டனில் கிளார்க் என்பவர் சொத்தைப் பற்களிலிருந்து பிரித்தெடுத்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற பாக்டீரியா. அது சுக்ரோஸை உடைத்து, குளுக்கோஸைச் சங்கிலியாகக் கோத்துத் தன்னைச் சுற்றிப் பசை பூசிக்கொள்கிறது. ஒரு குளுக்கோஸ் அடுத்ததன் ஆறாம் கார்பனில் இணைந்து நீளும் சங்கிலி நீரில் கரையும். மூன்றாம் கார்பனில் இணைவது கரையாது, கொப்பளித்தாலும் போகாது. பாக்டீரியா உண்டாக்கி அந்தப் பசைக்குள் தேங்கும் அமிலத்தால் பிஎச் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். சங்கிலி கோக்கும் நொதிகளுக்கான மரபணுக்களைச் செயலிழக்கச் செய்து, அந்தப் பாக்டீரியாவை எலிகளின் வாயில் விட்டுப் பார்த்தார்கள். வழவழப்பான பல்பரப்பில் சொத்தை வெகுவாகக் குறைந்தது. 1993-ல் வெளியான ஆய்வு அது. புழுவுக்கு இப்படியொரு சான்றை யார் காட்டியிருக்கிறார்கள்?

இனிப்பெல்லாம் ஒன்றல்ல. நம் கம்பம் பக்கத்துப் பன்னீர் திராட்சையில் பெரும்பாலும் இருப்பது குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும். அவற்றிலிருந்தும் அமிலம் பிறக்கும். ஆனால் இந்தப் பசைக்குச் சுக்ரோஸ் வேண்டும். அது டீக்குப் போடும் சர்க்கரையில் இருக்கிறது. வெல்லத்திலும் கருப்பட்டியிலும்கூட அதுதான். "நாட்டுச் சர்க்கரை பல்லுக்கு ஒன்றும் செய்யாது" என்பதும் வீண் நம்பிக்கையே.

"புகை பிடித்ததும் வலி போயிற்றே" என்பார்கள். விட்டு விட்டு வலிப்பது சொத்தையின் இயல்பு. ஒரேயடியாக நின்றால் உள்ளே நரம்பு செத்திருக்கலாம். சீழ் பிடித்துத் தாடை வீங்குவது அதற்குப் பிறகு. புகையை நம்பிக் கழிகிற அந்த வாரங்களில்தான், அடைத்துக் காப்பாற்றியிருக்க வேண்டிய பல் பிடுங்க வேண்டிய பல்லாகிறது.