விற்ற அன்றே வாங்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நஷ்டத்தில் கிடக்கும் பங்குகளை மார்ச் இறுதியில் விற்று, அன்றைய தினமே திரும்ப வாங்கிக்கொண்டால் அந்த நஷ்டத்தை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்று சென்ற இதழ்க் கட்டுரை கூறுவதை என்னால் ஏற்க இயலவில்லை. ஒரே கணக்கில், ஒரே சந்தையில், ஒரே நாளில் விற்றதும் வாங்கியதும் ஒன்றுக்கொன்று நேராகிவிடுவதால், டீமாட் கணக்கிலிருந்து ஒரு பங்கேனும் வெளியேறுவதில்லை. அது ஒரே நாள் வியாபாரமாகவே கருதப்படும். பழைய நஷ்டமோ பழையபடியே நிற்கும். என் மைத்துனர் இவ்வாறே செய்து, தரகு நிறுவனத்தின் வருடாந்தர அறிக்கை கைக்கு வந்த பிறகுதான் விஷயத்தை உணர்ந்தார். அதற்குள் நிதியாண்டே முடிந்துவிட்டது.

பங்கும் பணமும் கைமாறுவதற்கு 2003 முதல் இரண்டு வேலைநாளாக இருந்த பட்டுவாடாக் கெடு, 2023 ஜனவரி 27 முதல் எல்லாப் பங்குகளுக்கும் ஒரே வேலைநாளாகச் சுருங்கியது மெச்சத்தக்க சீர்திருத்தமே. ஆயினும், ஒரே நாளில் விற்றதும் வாங்கியதும் நேராகிவிடுவதை அது மாற்றவில்லை; எனவே நஷ்டத்தைக் கணக்கில் கொண்டுவர விரும்புவோர், இடையில் விலை ஏறிவிடக்கூடிய அபாயத்தைச் சகித்துக்கொண்டேனும், மறுநாள் வாங்குவதே உசிதம்.

விற்ற பங்கையே அன்று மீண்டும் வாங்க முற்படுவோருக்கு, செயலியின் திரையிலேயே, தமிழிலும், நஷ்டம் கணக்கில் வராது என்பதைத் தெரிவிக்குமாறு தரகர்களுக்குப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி உத்தரவிட வேண்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர்,
கும்பகோணம்