முட்டை குறைந்தால் பழி கோழியின் மீதா?

போகத்துக்குப் போகமே நெல்விற்ற பணம் கைக்கு வரும். இடைக்காலத்தில் வீட்டுச் செலவைத் தாங்குவது முட்டைக் காசு. அது குறைந்தவுடன் படுவான்கரைக் கமக்காரர் பலர் ஊர்க்கோழியின் இனத்தையே பழிக்கின்றனர். எமது கருத்தில், பெரும்பாலும் குறை தீனியிலேயே உள்ளது.

களத்து நெல்லும் குறுணலும் தவிடும் கோழியின் வயிற்றை நிரப்பும். முட்டைக்கு அவை மட்டும் போதா. ஒவ்வொரு முட்டையோட்டிலும் ஏறக்குறைய 2 கிராம் கல்சியம் உண்டு. நெல்லிலோ அது மிகச் சொற்பம். தீனியிற் கிடையாதவிடத்துக் கோழி தன் எலும்பிலிருந்தே அதனை எடுக்கின்றது. அதுவும் குன்றினால் தோல்முட்டை இடும்; பின்னர் இடுவதையே நிறுத்தும். வாவிக்கரையில் ஊரியும் மட்டிச்சிப்பியும் கிடக்க, இந்நிலை நேர்வது விந்தையே! அவற்றைக் கழுவிக் காயவைத்து, நெல்மணியளவாக இடித்து, தனிச் சிரட்டையில் வைத்தல் வேண்டும். வேண்டிய அளவைக் கோழியே அறிந்து கொத்தும்.

மீன்தலையையும் குடலையும் அவித்துக் கொடுத்தாற் புரதக் குறை நீங்கும். உப்பேறிய கருவாட்டுக் கழிவு ஆகாது. அது கோழிக்கு நஞ்சாகும். வெயிற்காலத்தில் நிழலில் எந்நேரமும் நீர் இருத்தல் வேண்டும்.

இறகு உதிர்க்கும்போதும் அடைகிடக்கும்போதும் முட்டை நிற்பது இயற்கை. அக்காலத்தில் அதனைக் கறிக்கு விற்றுவிடுவது அவசரச் செயல்.