கடல் புளித்துவிட்டதா?

கேள்வி: "மகன் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்காக சத்திரம் பேருந்து நிலையம் அருகே ஒரு சங்கு விலை கேட்டேன். 'கடல் தண்ணி புளிச்சுப் போச்சுங்க, சங்கு வளர்றதில்லை, அதான் இந்த விலை' என்றார் கடைக்காரர். உண்மையா ஐயா?"
- வாசகர், லால்குடி

பதில்: பாதி உண்மை. ஆனால், விலைக்கு அதைக் காரணம் சொல்ல முடியாது.

மண் பரிசோதனை அட்டையில் கார அமில நிலை (பி.எச்.) பார்த்திருப்பீர்கள். 7 என்றால் நடுநிலை. மணிகண்டம் பக்கத்துக் களர் நிலங்களில் 8.5-க்கு மேல் இருக்கும். கடல்நீர், ஆலைகள் பெருகுவதற்கு முன் சுமார் 8.2, இப்போது 8.1-ஐ ஒட்டி. ஆக, கடல் இன்னும் காரம்தான், புளிக்கவில்லை. 0.1 தானே என்று தள்ளிவிடவும் வேண்டாம். இந்த அளவுகோலில் அவ்வளவு இறங்கினாலே அமிலத்தன்மை கால் பங்கு கூடிவிட்டது என்று பொருள்.

நாம் வெளிவிடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய கால் பங்கைக் கடல் உறிஞ்சுகிறது. சங்கும் நத்தையும் ஓடு கட்டுவதற்குக் கால்சியத்தோடு கார்பனேட்டும் வேண்டும். கரைந்த வாயு அந்தக் கார்பனேட்டைக் குறைக்கிறது. கொத்தனார் இருக்கிறார், மணல் இருக்கிறது, சிமென்ட்தான் குறைவாக வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடு கட்டவே தெம்பெல்லாம் போய், உடல் வளர்ச்சி குறையும். குஞ்சுப் பருவத்தில்தான் அடி பலம்.

குளிர்ந்த கடலில் இந்த வாயு அதிகம் கரையும் என்பதால் பாதிப்பு அங்கே முந்திக்கொண்டது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் 'கடல் பட்டாம்பூச்சி' எனும் பயறளவு நத்தைகளின் ஓடு அரித்துப்போயிருப்பதைக் கண்டார்கள். அதே கரையில் ஒரேகான் மாநிலத்தில், 2007 வாக்கில் சிப்பிக் குஞ்சுகள் பொரிப்பகத்திலேயே செத்தன. தொட்டி நீரில் சலவைச் சோடா உப்பைக் கலந்து சமாளித்தார்கள். நாம் புளிப்பு மண்ணுக்குச் சுண்ணாம்பு இடுவதுபோலத்தான். தொட்டிக்குக் கலக்கலாம், கடலுக்கு முடியுமா?

நம் மன்னார் வளைகுடா வெதுவெதுப்பான கடல். அங்கே சங்கு குறைவதற்கு நான் முதலில் குற்றம் சொல்வது இழுவலையையும், இளஞ்சங்கைக்கூட விடாமல் அள்ளுவதையும்தான். சங்கு மெதுவாக வளரும் பிராணி. ஆட்டுக்கொம்பு போல முறுக்கிய கூட்டில் முட்டையிட்டு, அதன் அடியை மணலில் ஊன்றிவைக்கும். குஞ்சுகள் உள்ளேயே ஓடு கட்டிக்கொண்டு ஊர்ந்து வெளியே வரும். நீரோட்டத்தில் மிதந்து பரவும் பருவம் இதற்கு இல்லை. ஒரு படுகையைச் சுரண்டிவிட்டால், அங்கே மறுபடி பெருக நெடுநாளாகும். இதோடு கார்பனேட்டும் குறைந்துகொண்டே போனால் குஞ்சுகள் தாங்குமா என்பதே என் கவலை.

புதுமனைக்கு நன்கு முதிர்ந்த சங்காகப் பார்த்து வாங்குங்கள். விரல் நீளக் குட்டிச் சங்கு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.