வீட்டில் சொல்லிவைக்க வேண்டிய சொல்

உடல் உறுப்புத் தானம் என்று பேச்செடுத்தால், “அதெல்லாம் பட்டணத்துப் படித்தவர்களுக்கு” என்று பேச்சை மாற்றிவிடுவோர் நிபோங் திபால் வட்டாரத் தோட்டங்களில் பலர். ஆனால் சிறுநீரகம் பழுதாகி, வாரம் 3 நாள், ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம் இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தோடு கட்டுண்டு கிடப்பவர்களில் நம்மவர் எத்தனை பேர்! இந்நாட்டில் இவ்வாறு உயிர் காத்து வருவோர் 50,000-க்கும் அதிகம். சிறுநீரகத்தைக் கெடுப்பதில் முதலிடம் நீரிழிவுக்கு; அந்நோய் மிகுந்து காணப்படுவதோ இந்தியர்களிடையே. இயந்திரத்தில் கிடக்கும் நாளில் மரம் வெட்ட முடியாது, செக்ரோலில் பெயர் விழாது. ஆகவே இது நம் விஷயமே.

ஏழையின் உறுப்பைப் பணக்காரன் கொண்டுபோவான் என்ற ஐயம் தொழிலாளருக்கு உண்டு. அதை நாம் இகழமாட்டோம். சென்னை வில்லிவாக்கத்தில் கடன் தொல்லையால் சிறுநீரகத்தை விற்ற ஏழைகள் அனேகர். இத்தகைய வாணிபத்தைத் தடுக்கவே 1994-இல் இந்தியாவில் சட்டம் வந்தது. விற்பனை வேறு, கொடை வேறு.

கொடை எப்படியிருக்கும் என்பதற்கும் தமிழ்நாட்டிலேயே சான்றுண்டு. 2008 செப்டம்பரில், திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியர் அசோகன், புஷ்பாஞ்சலியின் 15 வயது மகன் இதேந்திரன் மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கினான். மூளை இறந்துவிட்டது. பெற்றோர் உறுப்புகளைத் தர இசைந்தனர். போலீசார் வழியெல்லாம் போக்குவரத்தை விலக்கித் தர, அவன் இதயம் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு 11 நிமிடத்தில் சென்றது; பெங்களூர்ச் சிறுமி ஒருத்திக்குப் பொருத்தப்பட்டது. தமிழகத்தில் உறுப்புத் தானம் வீட்டுப் பேச்சாக மாறியது அதன் பின்னரே. 2023 முதல் அங்கே உறுப்புக் கொடையாளரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கிறது.

அந்தப் பெற்றோர் மருத்துவர்கள். மூளை இறந்தபின் சுவாச இயந்திரத்தால் நெஞ்சு மட்டும் துடித்துக்கொண்டிருக்கும் என்பதை அறிந்தவர்கள். நம் லயத்துத் தாய்க்கு அந்த நேரத்தில் யார் விளக்குவது? “இன்னும் துடிக்குதே” என்றுதான் கதறுவாள். அதில் தவறென்ன? மூளை இறந்ததை உறுதிசெய்யும் மருத்துவர்கள் வேறு, உறுப்பை மாற்றிப் பொருத்துவோர் வேறு என்பதை முன்கூட்டியே அறிந்திருந்தால் அவள் நெஞ்சு ஓரளவு ஆறும்.

நம் நாட்டு நடைமுறையையும் அறிதல் வேண்டும். ஒருவர் தானத்துக்குப் பெயர் பதிந்திருப்பினும், குடும்பத்தாரைக் கேளாமல் மருத்துவர்கள் உறுப்பை எடுப்பதில்லை. குடும்பம் மறுத்தால் அத்தோடு முடிந்தது. பதிவு வெறும் பதிவாகவே நின்றுவிடும்.

அடுத்த பிறவியில் குருடாய்ப் பிறப்போம் என்று அஞ்சுவோர்க்கு ஒன்று கேட்போம்: கண்ணைப் பெயர்த்து அப்பிய கண்ணப்பரை நாயனாராகத்தானே வணங்குகிறோம்? எரிக்கப்போகும் உடலுக்கு இத்தனை காவல் ஏன்?

மைசெஜாத்ரா செயலியில் பெயர் பதியலாம். கைத்தொலைபேசி பழகாத தோழர்களுக்குக் கிராணிமார் துணை நிற்க வேண்டுகிறோம். சேமநிதிப் பாரம் நிரப்பிக் கொடுக்கும் கைதானே! பதிந்த அன்றிரவே வீட்டில் சொல்லிவிடுங்கள்: மனைவியிடம், மூத்த பிள்ளையிடம், ஆபத்தென்றால் ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடிவரும் அண்ணன் தம்பியிடம்.