யானை தின்றது போக மிச்சம்

விளாம்பழம் வாங்கத் தெரியாதவனுக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை கிடைத்துவிடும். தேன்கனிக்கோட்டையில் மரியாதை கிடைக்காது. எனக்குக் கிடைக்கவில்லை.

போன வருஷம், ஐப்பசிக் கடைசி. நைட் ஷிஃப்ட் முடித்து, 25 கிலோமீட்டர் பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கி (பழகினால் நீங்களும் செய்யலாம்) வீடு வந்தால், கீழ்வீட்டு அஜ்ஜி அடுப்பு பற்றவைக்காமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரர். பேச்சில் பாதி கன்னடம், மீதி தமிழ், கோபம் வந்தால் தெலுங்கு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எனக்குக் கேழ்வரகுக் களி போடுகிற புண்ணியவதி.

"ராத்திரி வந்துடுச்சு தம்பி" என்றார். யார் என்று கேட்கவில்லை. ராகி கதிர் முற்றினால் பன்னர்கட்டா பக்கமிருந்து ஜவளகிரிக் காடு வழியாக யானைக் கூட்டம் வருவது இங்கே வருஷா வருஷம் நடப்பது. தின்றது கொஞ்சம், மிதித்தது நிறைய. வனத்துறைக்கு மனு எழுதிக்கொடுத்தேன். அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியவில்லை. சரி, இன்று நாம் சமைப்போம் என்று கிளம்பிவிட்டேன். எனக்குத் தெரிந்த சமையல் நூடுல்ஸ் மட்டும்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் கோணிப்பையில் விளாம்பழம் குவித்திருந்தார்கள். அஜ்ஜிக்கு அதில் கொஜ்ஜு என்றால் உயிர். நான் பளபளவென்று நாலு பொறுக்கினேன். கடைக்கார அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒன்றை எடுத்து முழங்கால் உயரத்திலிருந்து தரையில் போட்டார். ரப்பர் பந்து மாதிரி எம்பியது. "காய்!" இன்னொன்று 'தொப்'பென்று விழுந்து அங்கேயே கிடந்தது. "இதான் பழம். காதுகிட்ட ஆட்டிப் பாரு, உள்ள ஆடும்." என் நாலும் எம்பின.

பழைய தாவரவியல்காரர்கள் இதற்கு 'ஃபெரோனியா எலிஃபான்டம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். இப்போது லிமோனியா அசிடிசிமா. யானை முழுங்கிய விளாம்பழம் ஓடு உடையாமல் வெளியே வரும், உள்ளே சதை இருக்காது என்று ஒரு பேச்சு உண்டே, அந்த 'யானை' பழத்துக்கு வரும் ஒரு நோய்தான் என்று சொல்கிறவர்களும் உண்டு. அஜ்ஜியிடம் இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். அன்றைக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

கொஜ்ஜு கஷ்டமில்லை. கஷ்டமெல்லாம் ஓட்டை உடைப்பதுதான். அம்மிக்கல்லில் ஓங்கிப் போட்டேன். பாதி என் சட்டையில். மிச்சத்தை வழித்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து, நாரை எடுத்துவிட்டேன். எண்ணெயில் கடுகு, காய்ந்த மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை. அதில் விழுது, உப்பு, மிளகாய்த்தூள், விழுதில் பாதி வெல்லம். கொதித்ததும் வறுத்துப் பொடித்த எள்ளைத் தூவி இறக்க வேண்டும். புளிப்பும் இனிப்பும் காரமும் ஒன்றாகச் சேரும்போது வரும் வாசனை இருக்கிறதே... மாடி அறை நண்பன் தூக்கத்திலிருந்து எழுந்து தட்டோடு வந்தான். இரண்டு வருஷத்தில் என் சமையலுக்கு அவன் எழுந்தது அதுதான் முதல் தடவை.

கிண்ணத்தோடு கீழே போனேன். அஜ்ஜி ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே போனார். பானை அடியில் போன வருஷத்து ராகி மாவு இருந்தது. விறகு பற்றியது. களியை உருட்டி, குழித்து, கொஜ்ஜு விட்டு ஒரு வாய் விழுங்கினார். களியை மெல்லக் கூடாது, தெரியுமல்லவா?

"உப்பு சாலது" என்றார். பத்தவில்லையாம்.

உப்பு எடுத்துவர எழுந்தேன். கையால் தடுத்துவிட்டு இன்னொரு உருண்டை குழித்தார். அப்புறம் இன்னொன்று.

இருட்டியதும் மிச்சக் களியையும் கொஜ்ஜுவையும் தூக்குச் சட்டியில் போட்டு மூடினார். மிதிபடாத அரை ஏக்கரில் மகன் பரண் மேல் காவலுக்கு இருந்தான். "டார்ச்சு லைட்டுக்கு பேட்டரி இருக்கா தம்பி?" என்றார். ஷிஃப்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு நானும் கூடப் போனேன்.