தீப்பொறி நின்ற நாளில் ஜன்னலையும் பாருங்கள்

மார்கழி வந்துவிட்டால் ஆழ்வார்திருநகரியில் வெந்நீருக்குக் கிராக்கி அதிகம். ஆதிநாதர் கோயிலில் அத்யயன உற்சவம், அரையர் சேவை என்று நாட்கள் நகரும். பிழைப்புக்காக வெளியூர் போனவர்கள் குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள். தாமிரபரணியில் முங்கிக் குளிக்கிறவர்கள் இன்றும் உண்டு. ஆனாலும் விடிவதற்கு முன்னால் வயசானவர்களும் குழந்தைகளும் குளிப்பது வீட்டு பாத்ரூமில்தான். விறகடுப்பு அண்டாவும் செம்பு பாய்லரும் செய்துகொண்டிருந்த வேலையைச் சில வீடுகளில் இப்போது சுவரில் தொங்கும் கேஸ் கீசர் செய்கிறது.

அந்தக் கீசர் சரியாக இந்த மாதத்தில்தான் மக்கர் பண்ணும்! குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், தீ வராது. உடனே வீட்டில் மூன்று கட்சிகள் உருவாகிவிடும். "பழசைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிருவோம்" என்பது ஒரு கட்சி. "திருநெல்வேலில இருந்து மெக்கானிக் வரட்டும்" என்பது இரண்டாவது. "தீப்பெட்டிய எடு, நானே பத்த வைக்கேன்" என்பது மூன்றாவது. முதல் கட்சி சொல்வது பெரும்பாலும் வீண் செலவு. மூன்றாவது ஆபத்து. இரண்டாவதுதான் சரி. ஆனால் மெக்கானிக் வந்து போன பிறகும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை.

முதலில் தீப்பொறியைப் பார்ப்போம். கீசருக்குள் தண்ணீர் பாயும்போது அதன் அழுத்தத்தில் ஒரு ரப்பர் சவ்வு நகர்ந்து மைக்ரோ சுவிட்சை அழுத்துகிறது. டார்ச் லைட்டில் போடும் பெரிய பேட்டரிகள் இரண்டு, மொத்தம் 3 வோல்ட். இதை ஒரு சிறிய எலக்ட்ரானிக் பெட்டி ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்துகிறது. பீங்கான் உறை போட்ட ஒரு கம்பியின் நுனியிலிருந்து பர்னருக்குப் பொறி தாவுகிறது. அதே நேரத்தில் கேஸ் வால்வு திறக்கிறது. தீ பிடித்துவிட்டதா என்று பார்க்கப் பல கீசர்களில் இன்னொரு கம்பி உண்டு. தீச்சுடர் வழியாக மின்சாரம் லேசாகப் பாயும். அது பாயவில்லை என்றால் தீ இல்லை என்று அர்த்தம், வால்வு தானாக மூடிக்கொள்ளும். எவ்வளவு அழகான ஏற்பாடு!

பழுது எங்கே என்பதை இந்த வரிசையே சொல்லிவிடும். குழாயைத் திறந்ததும் "டிக் டிக்" சத்தமே இல்லையா? பேட்டரி தீர்ந்திருக்கும், அல்லது பாத்ரூம் ஈரத்தில் அதன் முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்திருக்கும். அதுவும் சரியாக இருந்தால் தண்ணீர் அழுத்தம் போதவில்லை, அல்லது மைக்ரோ சுவிட்ச் போய்விட்டது. மாடித் தொட்டிக்கும் குழாய்க்கும் ஒரு மீட்டர் உயரம் இருந்தால் கிடைக்கும் அழுத்தம் 0.1 பார்தான். தாழ்வான வீடுகளில் குற்றவாளி கீசராக இல்லாமல் தொட்டியாகவே இருக்கலாம்.

சத்தம் வருகிறது, ஆனால் நுனியில் பொறி தெரியவில்லை என்றால் பீங்கான் விரிசல் விட்டிருக்கும், அல்லது வயர் கழன்றிருக்கும். பொறி வந்தும் தீ பிடிக்கவில்லை என்றால் சிலிண்டர், ரெகுலேட்டர், வால்வு மூன்றையும் பார்க்க வேண்டும். தீ பிடித்துச் சில விநாடிகளில் அணைகிறது என்றால் தீயைக் கவனிக்கும் அந்த இரண்டாவது கம்பியில் கரி படிந்திருக்கும்.

பேட்டரி மாற்றுவதும் அதன் முனைகளைத் துடைப்பதும் வீட்டிலேயே செய்யக்கூடியவை. பொறிக்கம்பியை மாற்றுவதும் பெரிய வித்தை அல்ல. ஒன்றிரண்டு திருகுகளும் செருகி எடுக்கும் வயரும்தான். அதே மாடலுக்கான பாகம் வேண்டும், பர்னரிலிருந்து பழைய இடைவெளியே இருக்க வேண்டும். ஆனால் கேஸ் பாதையை ஒட்டிய வேலை என்பதால் பழகிய கை செய்வதே நல்லது. யார் செய்தாலும் சிலிண்டர் வால்வை மூடி, பேட்டரியைக் கழற்றிய பிறகுதான் மூடியில் கை வைக்க வேண்டும். முடிந்ததும் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்க்க வேண்டும்.

தீக்குச்சிக் கட்சிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. எரியாமல் வெளியேறினால் பறந்து போகாது, தரையிலேயே தங்கும். பொறி வராத கீசரில் நான்கு முறை முயன்றுவிட்டு ஐந்தாவது முறை தீக்குச்சியோடு குனிந்தால், பற்றுவது பர்னர் மட்டுமாக இருக்காது.

சரி, பொறி வந்துவிட்டது, "டிக் டிக்" கேட்கிறது, வெந்நீர் கொட்டுகிறது. வீடே நிம்மதியாகிறது. பாக்கி இருந்த கேள்வி இப்போதுதான் வருகிறது. எரிந்த கேஸ் எங்கே போகிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ சமையல் கேஸ் முழுமையாக எரியச் சுமார் 12 கன மீட்டர் காற்று தேவை. நிமிடத்துக்கு 6 லிட்டர் கீசர் ஒன்று முழு வீச்சில் மணிக்கு ஒரு கிலோவை நெருங்கும் கேஸை எரிக்கும். அதாவது 10 நிமிடக் குளியலுக்குச் சுமார் 2 கன மீட்டர் காற்று. ஐந்தடி அகலம், ஆறடி நீளம், எட்டடி உயரமுள்ள பாத்ரூமில் இருக்கும் மொத்தக் காற்றே 7 கன மீட்டருக்குக் குறைவு. பனிக்காற்று வரக்கூடாதென்று ஜன்னலைச் சாத்திவிட்டு மூன்று பேர் அடுத்தடுத்துக் குளித்தால் நான்காவது ஆளுக்கு என்ன மிச்சம்? ஆக்சிஜன் குறையக் குறைய கேஸ் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, பிறகு மயக்கம். தாழ்ப்பாள் உள்ளே போட்டிருக்கும்.

இது கற்பனைப் பயம் அல்ல. 2023 மார்ச்சில் ஹோலியை ஒட்டி மும்பையிலும் டெல்லி பக்கத்து காசியாபாத்திலும் பாத்ரூமில் தம்பதிகள் இறந்து கிடந்த செய்திகள் வந்தன. இரண்டிலும் சந்தேகம் கேஸ் கீசர் மேல்தான் விழுந்தது. பாத்ரூமில் வலிப்பு என்று வருகிறவர்களிடம் "வீட்டில் கேஸ் கீசர் இருக்கிறதா?" என்று கேட்க வேண்டும் என்று இந்திய நரம்பியல் மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். கீசர் என்ற கருவியை 1868ல் லண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் உருவாக்கியபோதே அதில் புகைபோக்கி கிடையாது. அதே குறையை இன்றைக்கும் பாத்ரூமுக்குள் ஆணி அடித்து மாட்டிக்கொண்டிருக்கிறோம்!

"பத்து வருஷமா இப்படித்தான் இருக்கு, ஒண்ணும் ஆகலையே" என்பார்கள். உண்மைதான். பத்து வருடமும் அந்த வீட்டில் இரண்டு பேர் குளித்திருப்பார்கள். உற்சவத்துக்கு எட்டுப் பேர் வந்து இறங்கும் காலையைப் பற்றித்தான் இங்கே பேச்சு. "கரண்ட் இல்லாட்டியும் ஓடுமே" என்பதும் நியாயமே. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது தாமிரபரணிக் கரையில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லாமல் தவித்தவர்களுக்கு இரண்டு பேட்டரியில் ஓடும் கருவியின் அருமை தெரியும். அதனால் கேஸ் கீசரே வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. அது இருக்கும் இடத்தை மாற்றினால் போதும்.

பொறிக்கம்பி மாற்ற மெக்கானிக் வருகிற நாளே அதற்கு நல்ல நாள். கீசர் எப்படியும் திறந்திருக்கும், கையில் கருவிகள் இருக்கும். பின்கட்டுச் சுவரிலோ காற்றோட்டமான தாழ்வாரத்திலோ மழை படாமல் கீசரை மாட்டி, வெந்நீரை மட்டும் குழாயில் உள்ளே கொண்டுவரலாம். அதற்குச் சில அடி குழாயும் அரைநாள் கூலியும் ஆகும். அன்றைக்கு முடியாது என்றால் அதுவரை வெளியே வாளியில் வெந்நீர் பிடித்து, கீசரை அணைத்துவிட்டு, பிறகு உள்ளே போய்க் குளிக்கலாம்.

குளிக்கப் போனவர் குரல் கொடுக்கவில்லை என்றால் கதவை உடைக்கத் தயங்க வேண்டாம். ஆளை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, சிலிண்டரை மூடி, 108ஐக் கூப்பிடுங்கள். கேஸ் கசிவு என்றால் 1906.

தீப்பொறி வராவிட்டால் வீடே கூடி நின்று பார்க்கிறது. ஜன்னல் மூடிக் கிடந்தால் யாரும் பார்ப்பதில்லை. இந்த மார்கழியில் இரண்டையும் ஒரே நாளில் சரிசெய்துவிடுங்கள்.